பாரதி செட்டு, வாடகை 250 ரூபாய்: பழைய வண்ணாரப்பேட்டை டிரெஸ் கடை

பாரதி நினைவு நாளான செப்டம்பர் 11-க்கு முந்தின வாரம் வடசென்னையில் கறுப்புக் கோட்டுக்கு இருக்கிற கிராக்கி, ஐப்பசி மழையில் குடைக்குக்கூட இருக்காது. பள்ளிக்கூடம் தவறாமல் மாறுவேடப் போட்டி, வகுப்புக்கு மூன்று பாரதி. "டீச்சர், டிரெஸ் எங்க வாடகைக்குக் கெடைக்கும்?" என்று கேட்டுக் கேட்டுத் தாய்மார்கள் என் போனை ஓயவிடுவதில்லை. இவ்வளவு நாள் வாயால் சொல்லி வந்த பதிலை இந்தத் தடவை எழுதியே போட்டுவிடுகிறேன். நான் வெறும் மாறுவேடத்துக்குப் போகவில்லை. பாரதியைப் பற்றிய ஒரு நாடகம் முழுவதற்கும் அந்தக் கடையிலேயே உடுப்பு எடுத்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல முடியும்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது. கீழே சமிக்கி, ஜிகினா, லேஸ் விற்கிற கடை. அங்கே நின்று "டிரெஸ் கடை" என்றால் மேலே கை காட்டுவார்கள். மெட்ரோவில் வருகிறவர்கள் வண்ணாரப்பேட்டை நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்டியில் வந்தால் நிறுத்த இடம் கிடையாது. படிக்கட்டு ஒரு ஆள் ஏறும் அகலம்தான், முட்டிவலிக்காரர்கள் பிள்ளையை மட்டும் மேலே அனுப்புவது நல்லது.

உடைமையாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா, அவர் பாஷையில் நைனா, வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை தியேட்டரில் நாடகக் கம்பெனிகளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தவராம். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்த டிரங்குப் பெட்டிகள்தான் இந்தக் கடைக்கு முதல். இன்றைக்கும் சுவரோரம் அந்தப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. மேலே ஹேங்கரில் தொங்குவது பாலியெஸ்டர். பெட்டிக்குள் இருப்பது வெல்வெட்டும் அசல் ஜரிகையும். பெட்டியை அவர் எல்லோருக்கும் திறக்கமாட்டார்.

முதலில் எல்லோரும் கேட்கிற சாமானைச் சொல்லிவிடுகிறேன். "பாரதி செட்டு" என்றால் கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, முண்டாசு, ஒட்டுமீசை, கைத்தடி. குங்குமம் நம்முடையது. ஒரு நாள் வாடகை 250 ரூபாய், முன்பணம் 500. கோட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து வளர்ந்த ஆள்வரை எல்லா அளவிலும் இருக்கிறது. வேட்டியில் வெல்க்ரோ வைத்துத் தைத்திருக்கிறார்கள், மேடையில் அவிழாது. கோட்டைத் துவைத்துத்தான் கொடுக்கிறார்கள். பாச்சை உருண்டை வாடை அடிக்கும், அதை வீட்டில் ஒரு ராத்திரி காற்றாட மாட்டினால் போய்விடும். தையல் கெட்டி. இதெல்லாம் நிறை.

குறை முண்டாசு. அட்டையை வளைத்து அதன்மேல் துணியைச் சுற்றித் தைத்த தொப்பி அது. குனிந்து வணக்கம் வைக்கும்போது முன்னால் வந்து விழுகிறது. நெற்றியில் அட்டை வெட்டுகிறது. நான் அதை வேண்டாம் என்று சொல்லி மூன்று கஜம் மல்துணி கேட்டேன். "டீச்சர், கட்டத் தெரிஞ்சா தாராளமா எட்த்துனு போ" என்று கொடுத்துவிட்டார், தனிக் காசு இல்லை. எங்கள் பள்ளி வாட்ச்மேனுக்கு முண்டாசு கட்டத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொடுத்தார். நீங்களும் துணியே கேளுங்கள்.

ஒட்டுமீசை பின்பக்கம் ஸ்டிக்கர் வைத்த ரகம். வியர்த்தால் ஒரு முனை எழுந்துகொள்ளும். செப்டம்பர் மாதத்துச் சென்னையில், மின்விசிறி இல்லாத மேடையில், எந்த மீசை நிற்கும்? மை பென்சிலால் வரைந்துவிடுவது உத்தமம்.

கைத்தடிக்கு வருவோம், அங்கேதான் எனக்குக் கோபம். கடைமேல் இல்லை, நம் எல்லோர்மேலும். செட்டில் தடி இருப்பதாலேயே பிள்ளைகள் அதை ஊன்றிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, தாத்தா மாதிரி மேடையேறுகிறார்கள். பெற்றோரும் மீசைக்கு ஓரத்தில் பவுடர் பூசி நரைக்க வைக்கிறார்கள். 1882 டிசம்பர் 11-இல் பிறந்தவர் 1921 செப்டம்பரில் போய்விட்டார். முப்பத்தொன்பது முடியவில்லை. எட்டயபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்னைக்கு வந்து சுதேசமித்திரன் பத்திரிகையில் உட்கார்ந்தபோது இருபத்தொன்று. புதுச்சேரிக்குப் போனபோது இருபத்தைந்து. எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கணக்கு சாரைவிட இளையவர். தடியோடு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு, 1919-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்தார் எடுக்க வைத்தது. அந்த ஒரு படத்திலிருந்துதான் வாடகைக் கடைக்குத் தடி வந்திருக்க வேண்டும். அதிலும் அவர் தடியை ஊன்றித் தள்ளாடவில்லை, ஈட்டிபோல நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்.

நமக்குக் கிடைத்திருக்கும் பாரதி புகைப்படங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாட்டுப் புத்தக அட்டையிலும் காலண்டரிலும் நாம் பார்த்துப் பழகிய முண்டாசு முகம் ஓவியர்களின் கைவேலை. அவர்களில் ஒருவர் ஆர்யா என்கிற பாஷ்யம். 1932 ஜனவரி 26-இல் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி மூவர்ணத்தைக் கட்டியவரும் அவரேதான். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "கொடி கட்ன கையா அது?" என்று சுவரில் ஒட்டியிருந்த காலண்டரை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி நாடகத்துக்கு எடுத்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு பாரதி போதாது என்று முடிவுசெய்து காட்சிக்கு ஒரு பிள்ளையாக வைத்தோம். "எத்தினி பாரதி வோணும்?" என்று கேட்டார் கடைக்காரர். "வேற வேற வயசுல வேணும்" என்றேன். சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டி திறந்தது.

எட்டயபுரத்துப் பையனுக்கு அதிகம் அலையவில்லை. அரண்மனையில் பாடிப் பதினோரு வயதில் "பாரதி" என்ற பட்டத்தை வாங்கிய சுப்பையாவுக்கு ஜரிகை வேட்டி, அங்கவஸ்திரம், குடுமி விக். கடையில் இருந்த ஒரே குடுமி விக் சாணக்கியர் வேஷத்துக்குச் செய்தது, பிள்ளையின் தோள்வரை தொங்கியது. கடைக்காரரின் மனைவி ஊசி நூலை எடுத்து மடித்துச் சின்னதாக்கிவிட்டார். ஐந்து வயதில் அம்மாவை இழந்த பிள்ளை என்று நான் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் காதில் வாங்கிக்கொண்டே தைத்தார். காசிக்குக் குடுமியை எடுத்துவிட்டு மீசையும் வால்விட்ட தலைப்பாகையும்; சின்னக் காட்சி, சின்ன உடுப்பு. அத்தை வீட்டுக்காரர் கிருஷ்ண சிவன் அந்தக் கோலத்தைப் பார்த்து முகம் சுளித்த இடத்தில் பிள்ளைகள் நன்றாகச் சிரிக்க வைத்தார்கள்.

பத்திரிகைக் காட்சிதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அது நம்ம பக்கத்துக் கதை. பாரதி என்றால் திருவல்லிக்கேணி, பார்த்தசாரதி கோயில், யானை என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். அவர் எழுதிச் சம்பாதித்த இடம் ஜார்ஜ் டவுன். 1904 நவம்பரில் மதுரை சேதுபதி பள்ளி வேலையை விட்டுவிட்டு ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனுக்கு வந்தார். ஐயர் யார் என்றால், இந்து பத்திரிகையைத் தொடங்கியவர்களில் முதல்வர், விதவையான தன் மகளுக்குத் துணிந்து மறுமணம் செய்துவைத்தவர். சுதேசமித்திரன் தொடங்கியது பாரதி பிறந்த அதே 1882-இல். அங்கே அவருக்கு இட்ட வேலை கவிதை எழுதுவது இல்லை. இங்கிலீஷ் தந்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குவது. ராத்திரி பகல் பாராத வேலை. தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்குப் போய் நிற்பார் என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். 1906 மே மாதத்தில் இந்தியா வாரப் பத்திரிகை பிராட்வேயில் தொடங்கியது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரம் போட்டு வந்தது அது. பாரதி மகளிர் கல்லூரிக்குப் போகிற நம் வீட்டுப் பெண்கள் தினம் பஸ்ஸில் இறங்குகிற அதே ரோடு, இன்றைக்குப் பிரகாசம் சாலை.

இந்தக் காட்சிக்குக் கடைக்காரர் ஹேங்கர் கோட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார். "இது பளபளன்னுது டீச்சர், பேப்பர் ஆபீஸ் ஆளுக்கு இது சரிப்படாது" என்று பெட்டியிலிருந்து ஒரு பழைய கறுப்புக் கோட்டை எடுத்தார். முழங்கை தேய்ந்து, பொத்தானில் பாதி வேறு வேறு நிறத்தில். அவரோடு பழகியவர்கள் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே சட்டை கிழிந்திருக்கும், மேலே கோட்டு இருக்கும். கிழிசலை மறைக்கத்தான் கோட்டோ என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். நான் இதைச் சொல்லும் முன்பே அந்த மனிதர் கையில் தேய்ந்த கோட்டு இருந்தது. வாடகைக் கடைக்காரருக்கு உடுப்பைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கடையை நான் சிபாரிசு செய்வதற்கு இது ஒன்றே போதும்.

பாரதியாக அந்தக் காட்சியில் நின்றவள் ஏழாம் வகுப்புப் பெண். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். மீசை வரைந்துவிட்ட பிறகு கண்ணாடியை விட்டு அசையவேயில்லை.

அவள் பக்கத்தில் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்தோம். அந்த ஆளுக்குத்தான் எந்தக் கடையிலும் செட்டு இருக்காது. மு. சீனிவாசன். இந்தியா பத்திரிகையில் எழுதியது பாரதி. சர்க்கார் கணக்கில் பதிவாகியிருந்த பெயர் சீனிவாசன். 1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பிடிபட்டு, ஊர் கலவரமாகி, அரசு பத்திரிகைகள்மேல் பாய்ந்தபோது ராஜத்துரோகம் என்று பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்தது சீனிவாசனை. ஜி. சுப்பிரமணிய ஐயரையும் அந்த ஆகஸ்டில் கைது செய்தார்கள். பாரதி நண்பர்கள் சொல்படி புதுச்சேரிக்குப் போனார். ஓடிப்போனாரா, அனுப்பிவைக்கப்பட்டாரா என்று ஆசிரியர் அறையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சமூக அறிவியல் சார் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். அவர் கட்சி அவருக்கு. எழுதுகிற கையைச் சிறைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்தது சரி என்பது என் கட்சி, ஆனால் சீனிவாசனை மேடையில் காட்டாமல் அதைச் சொல்லக்கூடாது. கடைக்காரரிடம் கேட்டபோது, "அவருக்கு ஒண்ணும் வாடகை வோணாம், சாதா வேட்டி சட்டைதானே, நம்ம பையனுது ஒண்ணு குடுக்கறேன்" என்றார். கொடுத்தார். ரசீதில் எழுதவில்லை.

போலீஸ் உடுப்பு சுமார்தான். இப்போதைய காக்கி பேன்ட், இப்போதைய தொப்பி. அதை வைத்துக்கொண்டு 1908-ஐக் காட்ட முடியாது, நாங்கள் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம். புதுச்சேரிப் பிரெஞ்சுப் போலீஸுக்குச் சிவப்புத் தொப்பி வேண்டும், இன்றைக்கும் அந்த ஊர்ப் போலீஸ் போடுகிற உருளைத் தொப்பி. அது கடையில் இல்லை. கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களின் சிவப்புத் தொப்பியைக் கொண்டுவந்து, மேலே இருந்த கொண்டையைப் பிடுங்கிவிட்டு, "இத்த வச்சிக்க" என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பாரதி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த பிரிட்டிஷ் உளவாளிகளுக்கு உடுப்புச் செலவே இல்லை. சாதாரண ஆள் மாதிரி இருப்பதுதானே அவன் வேலை. எட்டாம் வகுப்பில் நான்கு பையன்கள் சந்தோஷமாக உளவாளி ஆனார்கள், ஒருவனுக்கும் வசனம் கிடையாது.

புதுச்சேரியின் பத்து வருஷத்துக்கு என்ன உடுப்பு? இது எங்களுக்குள் நீண்ட பேச்சாகப் போனது. அங்கேயும் இந்தியா பத்திரிகையை 1908 கடைசியிலிருந்து 1910 வரை நடத்தினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அதை நுழையவிடாமல் தடுத்து மூச்சை நிறுத்தினார்கள். பத்திரிகை போனதும் வருமானம் போனது. 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கண்காணிப்பு இறுகியது. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் இந்த நெருக்கடிக்குள் எழுதியவை. வீட்டு வாடகையைக் கறாராகக் கேட்காத விளக்கெண்ணெய்ச் செட்டியார், உலைக்கு வைத்த அரிசியைக் குருவிக்குப் போட்ட கணவரைப் பார்த்து நின்ற செல்லம்மா. பிள்ளைகள் குருவிக் காட்சியைத்தான் கேட்டார்கள், எல்லாப் பள்ளியிலும் அதைத்தான் போடுவார்கள். செல்லம்மாவுக்குக் கடையில் தைத்து வைத்த ரெடிமேட் மடிசார் 300 ரூபாய். பாவாடை மாதிரி மாட்டிக்கொள்ளலாம், பார்வைக்கும் மோசமில்லை. சின்ன அளவு ஒன்றுதான் இருக்கிறது, முன்னாடியே சொல்லிவையுங்கள். குருவி எந்தக் கடையிலும் கிடைக்காது, ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் போதும்.

நான் பிடிவாதமாகச் சேர்த்தது கனகலிங்கம் காட்சி. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளையான கனகலிங்கத்தை உட்கார வைத்து, காயத்ரி சொல்லி, பாரதி பூணூல் போட்டுவிட்டார். அதற்கு முன்பே தன் பூணூலை எடுத்துவிட்டவர் அவர். இன்றைக்கு இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். எல்லோருக்கும் போடுவதா, எல்லோரும் கழற்றுவதா என்று எங்கள் பள்ளியிலேயே கேட்ட பெற்றோர் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் அந்த வருஷங்களில், அந்த ஊரில், ஒரு பிராமணக் குடும்பத்து மனிதர் அதைச் செய்ததைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பூணூல் கடையில் ரோலாகவே இருந்தது, தசரதரிலிருந்து துரோணர்வரை எல்லோருக்கும் அதே ரோல்தான். கடைக்காரர் தேவையான அளவுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டே, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். கத்தரியை வைத்துவிட்டு, "எங்க நைனாவ கம்பெனில உள்ள வுட்டு சோறு போடமாட்டானுங்க டீச்சர், டிரெஸ் மட்டும் அவரு கையால போட்டுப்பானுங்க" என்றார். பிறகு மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

சிறைக் காட்சிக்கு அவர் காட்டியது வரிவரிச் சட்டை, நம்பர் எழுதிய தொப்பி, பிளாஸ்டிக் சங்கிலி. வேண்டாம் என்றேன். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூரில் வைத்தார்கள். டிசம்பர் நடுவில் விட்டார்கள். அவர் தண்டனை பெற்ற கைதி இல்லை. சங்கிலி கட்டினால் வ.உ.சி. பட்ட பாட்டை இவருக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் அவர். எங்கள் பிள்ளை அதே பழைய கோட்டோடு ஒரு பாயில் உட்கார்ந்தாள், போதுமாயிற்று. சங்கிலிக்கு வாடகை 50 ரூபாய் மிச்சம்.

யானை. கடையில் இரண்டு ஆள் உள்ளே புகுந்து ஆடுகிற யானை இருக்கிறது. முன்கால் ஒருவர், பின்கால் ஒருவர், காது ஆடும். 1,200 ரூபாய் வாடகை. என் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு என் சேலை முந்தானையை விடவில்லை. எடுக்கவில்லை. எந்தப் பள்ளி நாடகமும் யானை தள்ளிவிட்டதோடு பாரதியை முடித்துவிடுகிறது. யானை தள்ளியது உண்மை, அடிபட்டதும் உண்மை. அதிலிருந்து எழுந்து அவர் மறுபடி சுதேசமித்திரன் வேலை பார்த்தார். 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்துக்குப் போய்ப் பேசினார். பேசிய தலைப்பு மனிதனுக்கு மரணமில்லை என்பது. செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டு, 11-ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டித் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் பிரிந்தது. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். எங்கள் கடைசிக் காட்சி ஈரோட்டு மேடைதான். பேச்சு முடிந்ததும் திரை. யானை இல்லாத பாரதி நாடகமா என்று தலைமையாசிரியை கேட்டார், நாடகம் முடிந்த பிறகு கேட்கவில்லை.

நான் திரும்பக் கொடுக்கப் போன அன்று கூட்டமில்லாத நேரம். சேதாரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். சிவப்புத் தொப்பி ஒன்று நசுங்கியிருந்தது, 60 ரூபாய் பிடித்துக்கொண்டார். நியாயம்தான். முன்பணத்தில் மீதி அங்கேயே கையில் கொடுத்தார், "நாளைக்கு வா" கதை இல்லை. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், இதே தொழிலில் வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு ஆண்டுவிழா முன்பணத்துக்கு நான் நடையாய் நடந்திருக்கிறேன்.

தேய்ந்த கோட்டை எடுத்து மடிக்கும்போதுதான் அதன் கதை வந்தது. அது பாரதி வேஷத்துக்குத் தைத்ததே இல்லையாம். நைனா காலத்தில் ஏதோ ஒரு நாடகத்தில் வக்கீலுக்குத் தைத்தது. அந்தக் காலத்து நாடகக்காரர்கள் வேறு வேஷத்தில்தான் பாரதியைப் பாடினார்கள் என்றார். அதில் பொய்யில்லை. 1928-இல் பாரதி பாட்டுப் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்தது, சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கேட்க வேண்டியிருந்தது. சுதந்திரப் பாட்டு மேடையில் ஒலித்தால் கைது. பாடுகிறவர்கள் புராண வேஷத்தில் நின்றுகொண்டே நடுவில் தேசியப் பாட்டை எடுத்துவிடுவார்கள். நாடக நடிகர் விசுவநாததாஸ் அப்படித்தான் முருகன் வேஷத்தில் பாடிப் பாடிச் சிறைக்குப் போய் வந்தார். 1940 டிசம்பர் 31-இல் சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில், முருகனாகவே மேடையில் உயிரை விட்டார். நைனா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுவாராம். நான் மேலே கேட்டேன், "அப்போ நான் பொறக்கவேயில்ல டீச்சர், காதுல வுழுந்தத சொல்றேன்" என்று நிறுத்திக்கொண்டார். அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது. பழைய நாடகக் கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள் மத்தியானம் மூன்று மணி வாக்கில் போங்கள். வியாபாரம் நடக்கிற நேரத்தில் அவர் வாய் திறக்கமாட்டார்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். கடை ஞாயிறு உண்டு, செவ்வாய் விடுமுறை. காலை பதினொன்றுக்கு முன் திறப்பதில்லை. யூபிஐ எடுத்துக்கொள்கிறார்கள், முன்பணம் மட்டும் ரொக்கம். ஆதார் நகல் கேட்பார்கள். நகல் எடுக்கிற கடை கீழேயே இருக்கிறது. பவுடர், ரோஸ், கண்மை கிடைக்காது. பெண் பிள்ளைகளுக்கு மாற்றிப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது, வெளிச்சம் மட்டும் போதாது. திரைக்கு ஒரு கொக்கி போட்டால் தேவலை, நேரிலும் சொன்னேன். ஒரு சட்டையில் பொத்தான் இல்லை என்று காட்டினால் அந்த அம்மா உடனே தைத்துத் தருவார், முகம் சுளிப்பதில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். முண்டாசு அட்டைக்கும் மீசைக்கும் ஒன்றைக் குறைத்தேன்.

என் வீடு எம்.கே.பி. நகர். மகாகவி பாரதியார் நகர் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்பார். அங்கேயிருந்து வியாசர்பாடி, பேசின் பாலம் தாண்டி மூட்டையோடு ஆட்டோவில் வருவதற்கே வாடகைக்குச் சமமாக ஆகிவிட்டது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் கட்டும். மொத்தமாக எடுத்தால் செட்டுக்கு 200 ஆகக் குறைக்கிறார், கேட்டால்தான்.

டிசம்பர் 11 பிறந்தநாளுக்கு வேண்டும் என்கிறவர்கள் நவம்பர் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை சர்ச்சுகளிலிருந்து கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் வந்துவிடுகிறார்கள். மேய்ப்பர்களுக்காகக் கைத்தடி அத்தனையும் அந்தப் பக்கம் போய்விடும், பாரதி செட்டு தடி இல்லாமல்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் கவலைப்பட்டார். நான் அந்த வாரத்துக்கே மூன்று செட்டு சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.